மூன்று மாதப் பயிர்: பதுளையில் லயத்துக் கொல்லையும் உறுதி இல்லாத மண்ணும்

செப்டெம்பர் கடைசியில் மாமா தொலைபேசியில் பேசினார்.

"மழை எறங்கப் போகுதுப்பா. கானெல்லாம் அடைஞ்சு கெடக்கு. ஒன் மச்சானுக்குக் கொழும்புக் கடையில லீவு இல்லையாம். எனக்கு இடுப்பு முடியல. ரெண்டு நாளைக்கு வந்துட்டுப் போறியா?"

அம்மாவின் தம்பி அவர். எழுபது வயதைத் தாண்டிவிட்டார். பதுளைக்கும் பசறைக்கும் இடையில், நமுனுகுல மலையைப் பார்த்தபடி இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில் அத்தையோடு இருக்கிறார். நான் பிறந்ததும் அதே லயத்தில்தான். 1977 வன்செயலுக்குப் பிறகு, எனக்கு நான்கு வயதாக இருந்தபோது அப்பாவும் அம்மாவும் எங்களைக் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்துவிட்டார்கள். மாமா வரவில்லை.

2024 ஒக்டோபர் 5, 6 ஆம் திகதிகள் சனி, ஞாயிறாக அமைந்தன. வெள்ளிக்கிழமை பகல் கிளிநொச்சியில் பஸ் ஏறி, கண்டியில் மாறி, விடியற்காலையில் பதுளையில் இறங்கினேன்.

வடக்கில் இருக்கும் எங்களுக்கு ஊவாவின் ஊர்ப் பெயர்கள் பெரும்பாலும் துயரச் செய்தியாகத்தான் அறிமுகம். பண்டாரவளை என்றால் 2000 ஒக்டோபர் 25 இல் பிந்துனுவெவ முகாமில் கொல்லப்பட்ட தமிழ் இளைஞர்கள். கொஸ்லாந்தை என்றால் 2014 ஒக்டோபர் 29 இல் மண்ணுக்குள் போன மீரியபெத்த. 2024 ஒக்டோபர் கடைசியில் மீரியபெத்தவுக்குப் பத்து ஆண்டுகள் நிறைந்தன. மற்ற நாட்களில் அந்த மலைகளில் மக்கள் என்ன செய்கிறார்கள், எந்த மண்ணில் என்ன நடுகிறார்கள் என்பதை நாங்கள் அதிகம் கேட்பதில்லை. நான் பார்த்த அப்படியான இரண்டு நாட்களைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

ஒரே சொல், இரண்டு பொருள்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் "தோட்டத்துக்குப் போறன்" என்றால், அது பெரும்பாலும் அவருடைய அல்லது அவர் குத்தகைக்கு எடுத்த காணி. கிணறு இருக்கும், வெங்காயமோ மிளகாயோ புகையிலையோ இருக்கும். மலையகத்தில் "தோட்டம்" என்றால் தேயிலை எஸ்டேட். அங்கே பிறக்கலாம், வேலை செய்யலாம், சாகலாம். சொந்தமாக ஒரு முழம் மண் இருக்காது. மரக்கறி வைக்கும் சிறிய இடத்துக்கு அங்கே வேறு சொல் தேவைப்படுகிறது. மாமா அதைக் கொல்லை என்கிறார்.

மாமாவின் கொல்லை லயத்துக்குப் பின்னால் சரிவில் இருக்கிறது. எங்கள் ஊர்க் கணக்கில் ஒரு பரப்பு கூட வராது. மூன்று படிகளாக மண்ணை வெட்டி, விளிம்பில் கல் அடுக்கியிருக்கிறார். சுற்றிவரப் பழைய தகரமும் சேலைத் துணியும் கட்டிய வேலி. இரவில் காட்டுப்பன்றி வரும்.

பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி அளவான ஒரு காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, பின்னால் இந்தக் கொல்லை. ஐம்பது வருடத்துக்கும் மேலான உழைப்புக்குப் பிறகு மாமா கையில் இருப்பவை இவைதான். இதில் எதற்கும் அவருடைய பெயரில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

சனிக்கிழமை: மண்ணைத் திருத்துதல்

ஊவாவின் பருவம் மேற்கு மலைநாட்டின் பருவத்துக்கு எதிரானது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியா பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வறண்ட காற்றாக இறங்கும். வடக்கில் நாங்கள் சோளகம் என்று சொல்லும் காற்றும், கிழக்கில் கச்சான் என்று சொல்லும் காற்றும் இதே காற்றுத்தான். அந்த வறட்சியில்தான் ஊவாத் தேயிலைக்குப் பெயர்பெற்ற வாசம் வருகிறது. ஏல விற்பனையில் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான ஊவாத் தேயிலைக்குத் தனி மதிப்பு. அதே மாதங்களில் கொல்லை காய்ந்து கிடக்கும். பீலியில் தண்ணீர் நூலாக வரும்.

ஒக்டோபர் பிறந்தால் பிற்பகலில் இடி முழங்கும். பிறகு வடகீழ்ப் பருவமழை. ஜனவரி வரை ஈரம் இருக்கும். ஆகவே, ஒக்டோபர் முதல் வாரத்தில் மண்ணைத் தயார்படுத்திவிட வேண்டும். எங்கள் ஊரில் பெரும்போகத்துக்கு வயலை ஆயத்தம் செய்யும் அதே நாட்கள்தான் இவை.

காலையில் அத்தை கொடுத்த ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கினோம். மாமா இஸ்தோப்புக் கட்டில் இருந்துகொண்டு சொல்லச் சொல்ல நான் முள்ளால் மண்ணைக் குத்திப் புரட்டினேன். தோட்டத்தில் "முள்ளுக் குத்து" என்பது ஒரு தனி வேலை. மண்வெட்டியால் கொத்தினால் மேல்மண் கீழே உருண்டுவிடும். முள்ளால் குத்தி, ஆட்டிவிட்டால் மண் இருந்த இடத்திலேயே இளகும். சரிவான நிலத்தில் இந்த வித்தியாசம் பெரியது. நான் கிளிநொச்சியில் பழகிய மாதிரி ஓங்கி வெட்டப் போக, "வெட்டாதப்பா, கிள்ளி விடு. மண்ணு போனா திரும்பி வராது" என்றார்.

தேயிலை மண் புளிப்பான மண். தேயிலைக்கு அது பிடிக்கும். போஞ்சிக்கும் கோவாவுக்கும் பிடிக்காது. அதனால் நடுவதற்கு முன் டொலமைட் அல்லது சுண்ணாம்பு போடுவார்கள். காசு இல்லாத வருடங்களில் அடுப்புச் சாம்பலைச் சேர்த்து வைத்துப் போடுவார் மாமா. பக்கத்து லயத்தில் மாடு வைத்திருப்பவரிடம் நான்கு மூடை எரு வாங்கினோம். 2021 இல் இரசாயனப் பசளை தடைசெய்யப்பட்ட நாளிலிருந்து எருவுக்கும் விலை வந்துவிட்டது என்று அத்தை சொன்னார்.

பிற்பகலில் வரிசை பிடித்தோம். மேல்படியில் போஞ்சி, நடுப்படியில் கோவாவும் நோக்கோலும், கீழ்ப்படியில் முள்ளங்கியும் கொத்தமல்லியும். முள்ளங்கி ஆறு வாரத்தில் வரும். போஞ்சி இரண்டு மாதத்தில் பறிக்கத் தொடங்கலாம். கோவா ஏறக்குறைய மூன்று மாதம்.

மூன்று மாதத்துக்கு மேல் எடுக்கும் எதுவும் அந்தக் கொல்லையில் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். வாழை இல்லை, மா இல்லை, பலா இல்லை, முருங்கை இல்லை. எங்கள் வளவுகளில் வேலியே கிளுவையும் பூவரசுமாக நிற்கும். இங்கே வேலி தகரமும் துணியும்.

"ஏன் மாமா ஒரு பழமரமும் வைக்கல்ல?"

"மரம் வைக்கணும்னா ஆபிஸ்ல கேக்கணும். வச்சாலும் அது தோட்டத்து மரம். எடுன்னு சொன்னா எடுக்கணும். மூணு மாசப் பயிருன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

உறுதி ஏன் இல்லை?

வடக்கு, கிழக்கில் வாழும் பலருக்கு இந்த வரலாறு துண்டுதுண்டாகத்தான் தெரியும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் கோப்பிக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். பலர் தலைமன்னாரில் இறங்கி, மன்னார்க் காட்டு வழியாக நடந்து மாத்தளைக்குப் போனார்கள். 2023 இல் மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தது அதே பாதையின் நினைவுக்காகத்தான். 1869 இல் கோப்பியில் இலைநோய் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. ஊவாவின் மலைகளிலும் தேயிலை ஏறியது. 1924 இல் ரயில் பதுளைக்கு வந்தது.

1948 குடியுரிமைச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 150,000 பேரை 1974 இல் இரு அரசுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் தீர்வதற்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குடிமகன் அல்லாதவருக்கு அரச காணி கிடைக்காது. 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நாடெங்கும் விவசாயக் குடும்பங்களுக்கு அனுமதிப் பத்திரம் வழங்கப்பட்ட காலம் முழுவதும் தோட்ட மக்கள் அந்த வரிசையிலேயே நிற்கவில்லை.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. உழைத்தவர்களுக்கு அதில் பங்கு வரவில்லை. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் முயற்சிக்கு எதிராகத் தொழிலாளர் எழுந்தபோது, 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. நிலம் அரசினுடையது. கம்பனிகளுக்கு 2045 வரை குத்தகை. லயமும் கொல்லையும் அந்தக் குத்தகைக்குள் அடங்கும். உள்ளூராட்சியும் நீண்ட காலம் எட்ட நின்றது. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவை செய்வதற்கு 1987 சட்டத்தில் இருந்த தடை 2018 இல்தான் திருத்தப்பட்டது.

2015 க்குப் பிறகு 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்ற திட்டம் வந்தது. எங்கள் கணக்கில் ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ். ஆக 7 பேர்ச்சஸ் என்பது ஒரு பரப்புக்கும் குறைவு. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள், பிறகு 2017 இல் மேலும் 10,000 அறிவிக்கப்பட்டன. அந்த இரண்டாவது தொகுதியின் முதற்கட்டம் 2024 பெப்ரவரியில் ஆரம்பிக்கப்பட்டது. அதில் காணி 10 பேர்ச்சஸ். கிடைத்தவர்களுக்கு அது பெரிய மாற்றம்தான். மாமாவின் பெயர் ஒரு பட்டியலில் இருக்கிறது. பட்டியல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை: கான் வெட்டு

என்னை மாமா உண்மையில் கூப்பிட்டது மரக்கறிக்காக அல்ல, கானுக்காக. தோட்டத்துப் பேச்சில் கான் என்றால் வாய்க்கால். மலைச்சரிவில் விழும் மழையைக் குறுக்கே பிடித்து, மெதுவாக ஒரு பக்கம் இழுத்து, பெரிய கானில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக வெட்டுவது. அந்தக் காலத்தில் கான் வெட்டுக்கென்றே ஆட்கள் பெரட்டில் பிரிக்கப்படுவார்கள். இப்போது ஆள் குறைவு. லயத்துக்கு மேலே உள்ள மலையில் தேயிலை காடாகிவிட்டது. கான்கள் மண்ணும் சருகும் நிறைந்து மேடாகிவிட்டன.

கான் அடைத்தால் மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். மண் ஊறி, பாரம் கூடும். அடியில் இருக்கும் பாறைக்கும் மேல்மண்ணுக்கும் இடையிலான பிடி தளரும். ஒருநாள் மலை இறங்கும். மீரியபெத்த மக்கள் வாழ்ந்த சரிவு ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்ததாகச் செய்திகள் வந்தன. ஆனால் எங்கே போவது? உயிர் தப்பியவர்களுக்காகப் பூனாகலை, மாக்கல்தெனியவில் கட்டப்பட்ட 75 வீடுகள் 2016 இல்தான் கையளிக்கப்பட்டன.

மாமாவின் லயத்துக்கும் அதிகாரிகள் வந்து பார்த்திருக்கிறார்கள். அபாயமான இடம், மழை காலத்தில் இருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். மாற்று இடம் எது என்று சொல்லவில்லை. மழை கடுமையானால் பாடசாலைக்குப் போவார்கள், வெயில் வந்தால் திரும்பி வருவார்கள். முகாமுக்கும் வீட்டுக்கும் இடையில் அலைந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

காலை ஆறு மணிக்கு மண்வெட்டியும் சுரண்டியும் எடுத்துக்கொண்டு மேலே போனோம். பக்கத்துக் காம்பராக்களிலிருந்து மூன்று பேர் சேர்ந்தார்கள். பகல் இரண்டு மணிக்குள் லயத்துக்கு மேலே இருந்த கானில் ஏறக்குறைய நூறு அடியைத் துப்பரவாக்கினோம். காலில் அட்டை ஏறியதை நான் மட்டும்தான் கவனித்தேன்.

அன்று கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். மலையில் உறவினர் உள்ளவர்களுக்குப் பயன்படும்.

கானின் வாய் அடுத்த லயத்துக் கூரைக்கு மேலே திறக்கக் கூடாது. பாறையிலோ புல் அடர்ந்த இடத்திலோ பெரிய கானிலோதான் தண்ணீரை விட வேண்டும். எடுத்த மண்ணைக் கானின் மேல்விளிம்பில் போட்டால் அடுத்த மழையில் அதே கானுக்குள் வந்து விழும். கீழ்விளிம்பில் பரப்பி, மானாப்புல் நட வேண்டும். நிலத்தில் வெடிப்பு இருந்தால் களிமண்ணால் நிரப்பி இடித்து இறுக்க வேண்டும். வெடிப்புக்குள் போகும் தண்ணீர்தான் மலையை இறக்கும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நூறு அடிக் கானால் பெரிய மண்சரிவைத் தடுக்க முடியாது. சின்ன இடிவைத் தடுக்கலாம், அல்லது தப்பி ஓட நேரம் தரலாம். ஆகவே அறிகுறிகளைத் தெரிந்திருக்க வேண்டும். நேராக நின்ற மரம் அல்லது மின்கம்பம் சாய்வது. சுவரிலும் தரையிலும் புது வெடிப்பு. கதவு திடீரென இறுகி மூட முடியாமல் போவது. இல்லாத இடத்தில் ஊற்று வருவது. பீலித் தண்ணீர் கலங்கி வருவது, அல்லது மழை பெய்துகொண்டிருக்கும்போதே நின்றுபோவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பொருள் எடுக்க நிற்காமல் வெளியேற வேண்டும்.

மழையையும் அளக்கலாம். மாமா ஒரு பழைய பால்மா டின்னைக் கூரை நிழல் படாத இடத்தில் கல்லுக்கு நடுவில் வைத்திருக்கிறார். அடியும் வாயும் ஒரே அகலமான டின் எதுவும் சரி. காலையில் அடிக்கோலை விட்டுப் பார்க்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 என்றால் அந்த இடத்தில் இருக்கக் கூடாது. அடிக்கோலில் ஏழரை, பத்து, பதினைந்து சென்றிமீற்றர். மாமா டின்னின் உள்ளே மூன்று கோடுகளை ஆணியால் கீறி வைத்திருக்கிறார்.

"ஷெல் அடிச்ச காலத்துல நீங்க சத்தத்த வச்சுக் கணக்குப் பாப்பீங்கன்னு ஒங்கம்மா சொல்லுவா. நாங்க இத வச்சுப் பாக்குறோம்" என்றார்.

பலாக்கன்று

கிளிநொச்சியில் எங்கள் வளவுப் பலாவின் கொட்டையில் முளைத்த ஒரு கன்றைப் பையில் கொண்டுபோயிருந்தேன். அந்த மரம் 1980களில் அப்பா வைத்தது. 2008 கடைசியில் நாங்கள் இடம்பெயர்ந்தபோது காயோடு நின்றது. முள்ளிவாய்க்கால், மெனிக்பாம் எல்லாம் தாண்டி 2010 இல் திரும்பியபோது வீடு இல்லை, கூரை இல்லை, மரம் நின்றது. ஒரு கிளை முறிந்திருந்தது. எங்கள் வளவு எது என்று அந்த மரத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டோம்.

மாமா கன்றை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பலா காய்க்க ஐந்து, ஆறு வருடமாவது செல்லும். எங்கே வைப்பது என்று அத்தை கேட்டார். மாமா கொல்லையைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பழைய பெயின்ற் வாளியை எடுத்து வந்து, அடியில் ஆணியால் துளை போட்டு, எருவும் மண்ணும் கலந்து கன்றை அதில் வைத்தார்.

"காணி குடுத்தா எறக்கி வைப்போம். அதுவரைக்கும் வாளியில இருக்கட்டும். வாளின்னா தூக்கிட்டும் ஓடலாம்."

வாளியில் பலா அதிக காலம் வளராது. வேர் சுற்றிக்கொள்ளும். இது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் பக்கமும்

ஞாயிறு மாலை பதுளையில் ரயில் ஏறினேன். தெமோதரை, எல்ல, பண்டாரவளை என்று இருட்டில் நிலையங்கள் போயின. எனக்கு எங்கள் ஊர் நினைவுதான் வந்தது.

1977 க்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்களை வவுனியாப் பக்கம் குடியமர்த்த மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் காந்தியம் அமைப்பின் மூலம் உழைத்தார்கள். 1983 இல் காந்தியம் முடக்கப்பட்டது. அந்த ஜூலையில் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அதே ஜூலையில் பதுளை நகரும் எரிந்தது. மேலும் பலர் வடக்கே வந்தார்கள். காடு வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள், போரின் எல்லா இடப்பெயர்விலும் நடந்தார்கள். கிளிநொச்சியில் இன்றும் அப்படி வந்த குடும்பங்களில் பலரிடம் தாங்கள் திருத்திய காணிக்கு அனுமதிப் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாவிட்டால் வங்கிக் கடன் கஷ்டம், வீட்டுத்திட்டம் கஷ்டம், நட்டஈடு கஷ்டம். எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகள் அப்படி இருக்கின்றன.

காணி மீட்புக்காக வடக்கு, கிழக்கில் வீதியில் இருந்த தாய்மார் எதற்காக இருந்தார்களோ, அதையே மலையகமும் கேட்கிறது. எங்களிடம் இருந்து பறித்ததை நாங்கள் கேட்கிறோம். அவர்களிடம் ஒருபோதும் கொடுக்காததை அவர்கள் கேட்கிறார்கள். மண் தன்னுடையது என்ற நிச்சயம் உள்ளவன் கல் அணை கட்டுவான், மரம் வைப்பான், கானைக் கவனிப்பான். நிச்சயம் இல்லாதவன் முள்ளங்கி போடுவான். அதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால், அவர் அந்தக் கொல்லையில் ஒருநாள் முள்ளுக் குத்திப் பார்க்கட்டும். பாதுகாப்பான இடத்தில் காணியும் அதற்கு ஒரு உறுதியும் கொடுப்பதே மண்சரிவுக்கும் முதல் பாதுகாப்பு.

அடுத்த வாரம் மாமா தொலைபேசியில் பேசினார். முதல் நல்ல மழை பெய்ததாம். டின்னில் நான்கு சென்றிமீற்றர். கானில் தண்ணீர் ஒழுங்காகப் போனதாம். போஞ்சி முளைத்துவிட்டதாம்.

"பலா?"

"வாளிய இஸ்தோப்புல வச்சிருக்கேன். ஒரு புது எல விட்டிருக்கு" என்றார்.